ஒரு சிறை, மூன்று எஜமானர்கள்: வின்ஸன் கிரீன் ஜெயிலும் அரசு பதில் சொல்ல வேண்டிய கடமையும்

1. பிரச்சினை

ஒரு மனிதனுடைய சுதந்திரத்தைப் பறிக்கும் அதிகாரம் அரசுக்கு மட்டுமே உண்டு என்பதை ஒருமுகமாக ஒப்புக்கொள்கிறவர்கள்கூட, அவ்வாறு பறிக்கப்பட்டவனுக்குச் சோறு போடுவதும், அவன் அறைக் கதவைப் பூட்டித் திறப்பதும், அவன் நோயுற்றால் வைத்தியரை வரவழைப்பதும் அந்த அதிகாரத்தின் அங்கங்களா, அல்லது கூலி பேசிப் பிறரிடம் விடத்தக்க வெறும் ஊழியங்களா என்ற கேள்வி எழுந்தவுடன் இரண்டு கட்சிகளாகப் பிரிந்துவிடுகிறார்கள். 1983இல் அமெரிக்காவின் டென்னஸி மாநிலத்தில் ‘கரெக்ஷன்ஸ் கார்ப்பரேஷன் ஆஃப் அமெரிக்கா’ என்ற கம்பெனி தோன்றி, ஜெயில் நிர்வாகத்தை லாபத்துக்குரிய தொழிலாக்கிய காலம் முதல் இந்த விவாதம் ஓயவில்லை. 1992இல் வோல்ட்ஸ் சிறையைக் கம்பெனியிடம் ஒப்படைத்ததன்மூலம் இங்கிலாந்தும் அதில் கலந்துகொண்டது.

முதல் கட்சியார் கூறுவது இது: தண்டனை என்பது சமூகம் முழுவதும் சேர்ந்து செய்யும் காரியம்; அதைத் தனியார் லாபத்துக்காகச் செய்வது தண்டனையின் நியாயத்தையே கெடுத்துவிடும். அமெரிக்க அறிஞர் ஜான் டியூலியோ இந்தக் கருத்தை அழுத்தமாக முன்வைத்தவர்களில் ஒருவர். இஸ்ரேலின் உச்ச நீதிமன்றம் 2009 நவம்பரில், தலைமை நீதிபதி டோரிட் பெய்னிஷின் தலைமையில், எட்டு நீதிபதிகளுக்கு ஒருவர் என்ற பெரும்பான்மையால் தனியார் சிறைக்கு வழிசெய்த சட்டத்தை ரத்துச் செய்தபோது, லாப நோக்குடைய கம்பெனியின் கையில் கைதியை ஒப்படைப்பதே அவனது சுதந்திரத்துக்கும் கௌரவத்துக்கும் ஊறு என்ற சித்தாந்தத்தைத்தான் ஆதாரமாகக் கொண்டது. அந்தக் கம்பெனி நல்லவிதமாக நடத்துமா, கெட்டவிதமாக நடத்துமா என்று பொறுத்துப் பார்க்க வேண்டும் என்ற வாதத்தை நீதிமன்றம் ஏற்கவில்லை.

இரண்டாம் கட்சியாரில் முக்கியமானவர் சார்லஸ் லோகன். 1990இல் வெளிவந்த தம் நூலில் அவர், தனியார் சிறைகளுக்கு எதிராகச் சொல்லப்படும் ஆட்சேபணைகளில் பெரும்பாலானவை எல்லாச் சிறைகளுக்கும் பொதுவான ஆட்சேபணைகளே என்று வாதித்தார். இந்த அணியினரின் கருத்துப்படி, அரசு ஜெயிலுக்கு எழுத்து மூலமான அளவுகோலே கிடையாது. ஒப்பந்தத்திலோ ஒவ்வொரு கடமையும் ஷரத்தாக எழுதப்பட்டிருக்கிறது, தவறினால் அபராதம் உண்டு, மேலும் தவறினால் ஒப்பந்தமே ரத்தாகும். ஆகவே பதில் சொல்லும் பொறுப்பு கம்பெனியிடம் விடும்போதுதான் கூர்மை பெறுகிறது.

இவ்விரு கட்சியாரும் எதிரெதிராக நின்றாலும், பொறுப்பு உடைமையைப் பின்பற்றிச் செல்கிறது என்ற ஒரே அனுமானத்தின் மேல்தான் நிற்கிறார்கள். சாவி யாருடையது என்று தெரிந்துவிட்டால் பதில் சொல்லவேண்டியவர் யார் என்பதும் தெரிந்துவிடும் என்பது இருவருக்கும் பொதுவான நம்பிக்கை. அந்த அனுமானத்தைப் பரிசோதிப்பதே இக்கட்டுரையின் நோக்கம். அதற்கு வசதியான ஒரு ஸ்தலம் இங்கிலாந்தில் இருக்கிறது. பர்மிங்ஹாம் நகரில், வின்ஸன் கிரீன் என்ற பகுதியில், 1849இல் திறக்கப்பட்ட சிறை, நகர மாஜிஸ்திரேட்டுகளிடமும், பிறகு மத்திய அரசிடமும், பிறகு ஒரு கம்பெனியிடமும் இருந்து, மீண்டும் அரசிடம் வந்து சேர்ந்திருக்கிறது. சுவர் மாறவில்லை, எஜமானர்கள் மாறினார்கள். ஒவ்வொருவர் காலத்திலும் ஒவ்வொரு கொடுமை நிகழ்ந்தது. அந்தக் கொடுமைக்குப் பதில் சொன்னவர் யார், சொல்லாமல் தப்பியவர் யார் என்று வரிசையாகப் பார்த்தால் கேள்விக்கு ஓரளவு விடை கிடைக்கும்.

2. நகரத்தார் காலம்: 1849 முதல் 1878 வரை

இந்த ஜெயிலின் முதல் கவர்னர் அலெக்ஸாண்டர் மெக்கனோக்கி. நார்ஃபோக் தீவின் குற்றவாளிக் குடியேற்றத்தில், நன்னடத்தைக்கு மதிப்பெண் வழங்கி அதன்வழியே விடுதலையைச் சம்பாதிக்கவைக்கும் முறையை நடைமுறைப்படுத்திப் பெயர்பெற்றவர் அவர். அவருடைய தாராள மனம் மாஜிஸ்திரேட்டுகளுக்கு ஒவ்வவில்லை. 1851இல் அவரை நீக்கிவிட்டு, அவருடைய உதவியாளராயிருந்த லெப்டினன்ட் வில்லியம் ஆஸ்டினை அந்த ஸ்தானத்தில் அமர்த்தினார்கள்.

ஆஸ்டினுடைய ஜெயிலில் கைப்பிடிச் சக்கரம் ஒன்று பிரதான சாதனமாயிற்று. அந்தச் சக்கரம் எதையும் அரைக்கவில்லை, எதையும் இறைக்கவில்லை. கைதி கனமான கைப்பிடியைச் சுற்றிக்கொண்டே இருக்கவேண்டும் என்பதைத் தவிர அதற்கு வேறு பிரயோஜனம் கிடையாது. நாளொன்றுக்கு 10,000 சுற்றுகள் என்பது கணக்கு. காலைச் சாப்பாட்டுக்கு முன் 2,000, அதற்கும் மதியச் சாப்பாட்டுக்கும் இடையே 4,000, இரவுச் சாப்பாட்டுக்கு முன் 4,000. சுற்று குறைந்தால் சாப்பாடு இல்லை. நான்கு பவுண்டு மாட்டிறைச்சி திருடிய குற்றத்துக்காக மூன்று மாதத் தண்டனை பெற்று வந்த எட்வர்ட் ஆண்ட்ரூஸ் என்ற 15 வயதுச் சிறுவனால் அந்தக் கணக்கை நிறைவேற்ற முடியவில்லை. அவன் கைகளைச் சேர்த்துக் கட்டும் சட்டையை அணிவித்து, கழுத்தில் தோல் பட்டையை மாட்டிச் சுவரோடு பிணைத்து நிற்கவைத்தார்கள். அவன் மேல் குளிர்ந்த நீரை ஊற்றினார்கள். 1853 ஏப்ரல் மாத இறுதியில் அவன் தன் அறையில் தூக்கிட்டுக்கொண்டான்.

இங்கே கவனிக்கத்தக்கது கொடுமையின் அளவல்ல, அதை அறிந்திருந்தவர்கள் யார் என்பதே. ஜெயிலை நிர்வகிக்கும் பொறுப்புப் பெற்ற மாஜிஸ்திரேட்டுகள்தாம் அதைப் பார்வையிட்டுக் குறை காணவேண்டியவர்களும். ஆஸ்டினை நியமித்த கைதான் அவருடைய நடத்தைக்குச் சான்று எழுதிய கையும். 1835ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி மத்திய அரசின் பரிசோதகர்கள் இருந்தார்கள் என்பது உண்மை. ஆனால் அவர்களால் அறிக்கை எழுத முடிந்ததே தவிர, உத்தரவிட முடியவில்லை. நகரசபை அங்கத்தினர் ஜோசப் ஆல்டே போன்றவர்கள் பகிரங்கமாகக் கூச்சலிட்ட பின்னர்தான் ராஜாங்க விசாரணைக் கமிஷன் அமைந்தது. கமிஷன் 1854இல் அறிக்கை தந்தது. ஆஸ்டினுக்கு மூன்று மாதச் சிறை கிடைத்தது. இச்சம்பவத்தைக் கருவாகக் கொண்டு சார்லஸ் ரீட் 1856இல் எழுதிய நாவல் வெகுவாக விற்றது. ஆனால் கூண்டில் ஏறியவர்கள் சம்பளம் வாங்கிய சிப்பந்திகளே. அவர்களை நியமித்து, உள்ளே வந்து, பார்த்தும் பார்க்காமல் போன மாஜிஸ்திரேட்டுகள் கண்டனத்தோடு தப்பினார்கள்.

3. அரசின் காலம்: 1878 முதல் 2011 வரை

உள்ளூர் பிரமுகர்களின் கையில் ஜெயில் இருப்பதால்தான் ஒவ்வோர் ஊரில் ஒவ்வொரு விதமான தண்டனை நிலவுகிறது என்ற நியாயமான குறை, 1877ஆம் ஆண்டுச் சட்டத்தால் தீர்க்கப்பட்டது. 1878 ஏப்ரல் முதல் இங்கிலாந்தின் உள்ளூர் ஜெயில்கள் யாவும் உள்துறையின் கீழ், எட்மண்ட் டூ கேன் தலைமை தாங்கிய கமிஷனின் ஆட்சிக்கு வந்தன. ஒழுங்கு வந்தது, செலவு குறைந்தது. ஆனால் அதுவரை வெளியிலிருந்து வந்துபோன பரிசோதகர்கள் அந்தக் கமிஷனுக்கே உதவியாளர்களாகிவிட்டார்கள். மாஜிஸ்திரேட்டுகள் காலத்தில் உரிமையாளரும் பார்வையாளரும் ஒருவராயிருந்த குறை, இப்போது தேசிய அளவில் ஸ்தாபிதமாயிற்று. ஏறத்தாழ நூறாண்டுகளுக்குப் பின், 1979ஆம் ஆண்டின் மே கமிட்டி அறிக்கையை அடுத்து, 1980களின் தொடக்கத்தில்தான் ஜெயில் நிர்வாகத்துக்குப் புறம்பான, அறிக்கையைப் பகிரங்கப்படுத்தும் கடமையுள்ள தலைமைப் பரிசோதகர் பதவி மறுபடி உண்டாயிற்று.

இந்த இடைக்காலத்தில் வின்ஸன் கிரீனில் நடந்தவற்றுள் இரண்டை மட்டும் எடுத்துக்கொள்வோம். 1974 நவம்பரில், பர்மிங்ஹாம் மதுக்கடைகளில் வெடிகுண்டு வைத்ததாகக் கைதுசெய்யப்பட்ட ஆறு பேர் இங்கே கொண்டுவரப்பட்டபோது கடுமையாகத் தாக்கப்பட்டார்கள். 14 ஜெயில் அதிகாரிகள்மீது வழக்குத் தொடரப்பட்டது. அனைவரும் 1976இல் விடுதலையானார்கள். அந்த ஆறு பேரும் போலீஸ்மீதும் உள்துறைமீதும் நஷ்டஈட்டு வழக்குத் தொடுத்தபோது, 1980இல் லார்டு டென்னிங் தலைமையிலான அப்பீல் நீதிமன்றம் போலீஸ்மீதான வழக்கை மேற்கொண்டு நடக்கவிடாமல் தடுத்தது. இவர்கள் வென்றால் போலீஸார் பொய்ச்சாட்சி சொன்னார்கள், அடித்தார்கள் என்று ஒப்புக்கொள்ள நேரும், அப்படியொரு நிலையைக் கற்பனைகூடச் செய்ய முடியாது, எனவே வழக்கே வேண்டாம் என்பதே டென்னிங் தீர்ப்பின் சாரம். அந்த ஆறு பேருடைய தண்டனைத் தீர்ப்பையும் 1991இல் நீதிமன்றமே ரத்துச் செய்து அவர்களை விடுவித்தது.

இரண்டாவது சம்பவம் 1980 ஆகஸ்டில் நடந்தது. சொத்துக்குச் சேதம் விளைவித்ததாகச் சிறு குற்றச்சாட்டுக்கு உள்ளான விசாரணைக் கைதி ஒருவர் ஜெயில் ஆஸ்பத்திரிப் பகுதியில் உள்காயங்களால் இறந்தார். மரண விசாரணை ஜூரிகள் அது சட்டவிரோதமான கொலை என்று தீர்மானித்தார்கள். மூன்று அதிகாரிகள் கொலைக் குற்றத்துக்காக விசாரிக்கப்பட்டு 1982இல் விடுதலை பெற்றார்கள். கொலை நடந்தது, கொன்றவர் ஒருவருமில்லை. இவ்வளவும் நடந்தபோது ஜெயில் முழுக்க முழுக்க அரசின் ஸ்தாபனமாகவே இருந்தது, சாவியில் லாபத்தின் கறை சிறிதும் இல்லை.

அரசு தன் பொறுப்பைத் தானே பிளந்துகொண்ட வரலாறும் இக்காலத்தைச் சேர்ந்ததே. 1993இல் சிறைத்துறையை அமைச்சரகத்திலிருந்து ஓரளவு விலக்கி, தலைமை நிர்வாகி ஒருவரின் கீழ் ஏஜென்ஸியாக்கினார்கள். தொலைக்காட்சித் தொழிலில் இருந்து வந்த டெரக் லூயிஸ் அந்தப் பதவியில் அமர்ந்தார். 1995 ஜனவரியில் பார்க்ஹர்ஸ்ட் சிறையிலிருந்து கைதிகள் தப்பியோடி, அதே ஆண்டு அக்டோபரில் விசாரணை அறிக்கை வெளியானபோது, உள்துறை அமைச்சர் மைக்கேல் ஹோவர்ட், கொள்கை தம்முடையது, நடைமுறை நிர்வாகம் லூயிஸுடையது என்று கோடு கிழித்து லூயிஸைப் பதவி நீக்கம் செய்தார். பார்க்ஹர்ஸ்ட் கவர்னர் விஷயத்தில் அமைச்சர் அந்தக் கோட்டைத் தாண்டித் தலையிட்டாரா என்ற கேள்வியை 1997இல் தொலைக்காட்சிப் பேட்டியில் ஜெரமி பாக்ஸ்மன் மீண்டும் மீண்டும் கேட்டும் நேரான பதில் கிடைக்காமல் போனது அந்த நாட்டு அரசியலில் பிரசித்தமான நிகழ்ச்சி. ‘அவரைக் கேளுங்கள்’ என்று கைகாட்டும் வித்தையைக் கம்பெனிகள் கண்டுபிடிக்கவில்லை. அரசு தன் சொந்த வீட்டுக்குள்ளேயே அதைப் பழகியிருந்தது.

4. கம்பெனியின் காலம்: 2011 முதல் 2018 வரை

2011 மார்ச்சில் நீதித்துறை அமைச்சர் கென்னத் கிளார்க், வின்ஸன் கிரீன் சிறையை ஜி4எஸ் கம்பெனியிடம் ஒப்படைப்பதாக அறிவித்தார். அதுவரை புதிதாகக் கட்டப்பட்ட சிறைகளே கம்பெனிகளுக்குப் போயிருந்தன. நடந்துகொண்டிருந்த அரசு ஜெயில் ஒன்று, அதன் சிப்பந்திகளோடும் கைதிகளோடும் கைமாறியது இதுவே முதல் தடவை. அவ்வாண்டு அக்டோபரிலிருந்து 15 ஆண்டுகளுக்கு ஒப்பந்தம்.

2016 டிசம்பர் 16 அன்று காலை ஒரு காவலரின் சாவிகள் பறிக்கப்பட்டதிலிருந்து தொடங்கிய கலகம், நான்கு பிளாக்குகளுக்குப் பரவி, நூற்றுக்கணக்கான கைதிகளைத் தொட்டு, பன்னிரண்டு மணி நேரத்துக்கு மேல் நீடித்தது. அதை அடக்கியவர்கள் கம்பெனி ஆட்கள் அல்லர். அரசின் சிறைத்துறையில் விசேஷப் பயிற்சி பெற்ற படையினர். இதிலிருந்து பெறப்படும் உண்மை எளியது: ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருந்தாலும், சிறை எரியும்போது தண்ணீர் கொண்டுபோகவேண்டியது அரசுதான்.

தலைமைப் பரிசோதகர் பீட்டர் கிளார்க் 2018 ஜூலை இறுதியிலும் ஆகஸ்டு தொடக்கத்திலும் நடத்திய பரிசோதனையில் கண்ட காட்சிகள், நாகரிகமான நாட்டில் நம்ப முடியாதவையாக இருந்தன. தரையில் ரத்தமும் வாந்தியும் துடைக்கப்படாமல் கிடந்தன. கரப்பான்களும் எலிகளும் உலவின. செயற்கைப் போதைப்பொருளின் புகை நடைபாதைகளில் பரவி, பரிசோதகர்களே அங்கிருந்து விலக நேர்ந்தது. காவலர்களில் சிலர் கைதிகளுக்கு அஞ்சித் தங்கள் அறைகளைப் பூட்டிக்கொண்டு உள்ளே இருந்தார்கள். பரிசோதனை நடந்துகொண்டிருக்கும்போதே, பாதுகாப்பானது எனக் கருதப்பட்ட சிப்பந்திகளின் கார் நிறுத்துமிடத்தில் கார்களுக்குத் தீ வைக்கப்பட்டது. ஆகஸ்டு 16ஆம் தேதி கிளார்க் அமைச்சருக்கு அவசர அறிவிப்பு அனுப்பினார். 20ஆம் தேதி அரசு சிறையைத் தன் கைக்கு எடுத்துக்கொண்டு, தன் கவர்னரை அமர்த்தி, கைதிகளில் 300 பேரைக் குறைத்து, 30 அதிகாரிகளைக் கூடுதலாக அனுப்பியது. 2019 ஏப்ரலில் ஒப்பந்தத்தை முடித்துக்கொள்வதென்று அறிவிக்கப்பட்டது. கம்பெனி 99 லட்சம் பவுன் செலுத்த ஒப்புக்கொண்டது. அவ்வாண்டு ஜூலை முதல் ஜெயில் நிரந்தரமாக அரசைச் சேர்ந்தது.

இந்தக் கதையில் பலர் காணத் தவறுகிற ஓர் அம்சம் உண்டு. 1991ஆம் ஆண்டுக் குற்றவியல் நீதிச் சட்டம், தனியார் சிறை ஒவ்வொன்றிலும் அரசின் கண்காணிப்பு அதிகாரி ஒருவர் நியமிக்கப்படவேண்டும் என்று கட்டளையிடுகிறது. வின்ஸன் கிரீனிலும் அவ்வாறான அதிகாரிகள், சிறை வளாகத்துக்குள்ளேயே, அரசுச் சம்பளத்தில் இருந்தார்கள். 2016இல் கலகம் நடந்ததை உலகமே அறிந்தது. 2017இல் ஒரு பரிசோதனை அறிக்கை வந்தது. ஆயினும் 2018இன் சீர்கேடு தடுக்கப்படவில்லை. ஆகையால் பீட்டர் கிளார்க், கம்பெனியின் தோல்வியோடு ஒப்பந்தத்தை மேற்பார்வை செய்த அரசின் தோல்வியையும் சேர்த்தே கண்டித்து, அரசு அதிகாரிகள் பக்கத்திலேயே இருந்தும் இந்த நிலை எப்படி வந்தது என்பதைச் சுதந்திரமாக ஆராயவேண்டும் என்று கேட்டார். இக்கட்டுரையின் கேள்விக்கு அந்த அவசர அறிவிப்பைவிடக் கூர்மையான ஆதாரம் வேறு இல்லை.

5. ஒப்பந்தம் எதைக் காட்டுகிறது, எதை மறைக்கிறது

பக்கத்திலிருந்த அதிகாரியின் கண்ணுக்கு ஏன் தெரியவில்லை? தெரிந்திருந்தால் ஏன் கை எழவில்லை? இதற்கு மூன்று காரணங்கள் கூறலாம்.

முதலாவது, ஒப்பந்தம் எண்ணக்கூடியவற்றையே எண்ணுகிறது. அந்த எண்களையும் பெரும்பாலும் கம்பெனியே தருகிறது. அமெரிக்காவின் ஐடஹோ மாநிலத்தில், முன்சொன்ன கரெக்ஷன்ஸ் கார்ப்பரேஷன் ஆஃப் அமெரிக்கா கம்பெனி நடத்திய சிறையில், 2012இல் காவலர் இல்லாத இடங்களில் காவலர் இருந்ததாகச் சுமார் 4,800 மணி நேரத்துக்குப் பொய்க்கணக்கு எழுதப்பட்டதைக் கம்பெனியே 2013இல் ஒப்புக்கொண்டது. மறு ஆண்டு மாநிலம் அந்தச் சிறையைத் தானே எடுத்துக்கொண்டது. தன் எடைக்கல்லைத் தானே செதுக்கிக்கொள்ளும் வியாபாரியிடம் எடை சரியாக இருக்கிறதா என்று ரசீதைப் பார்த்துத் தீர்மானிப்பது போன்றது அந்த மேற்பார்வை.

இரண்டாவது, அபராதமும் ரத்தும் காகிதத்தில் இருக்கும் அளவுக்குக் கையில் இருப்பதில்லை. ஆயிரத்துக்கு மேற்பட்ட கைதிகளை ஒரே நாளில் வேறெங்கே கொண்டுபோவது? எல்லா ஜெயில்களும் நிரம்பி வழியும் நாட்டில், கம்பெனி அரசை நம்பியிருப்பதைவிட அரசு கம்பெனியை அதிகம் நம்பியிருக்கிறது. அமெரிக்காவில் இந்த நிலை எழுத்திலேயே ஏறிவிட்டது. 2013இல் ஒரு பொதுநல ஆய்வு அமைப்பு பரிசீலித்த 62 ஒப்பந்தங்களில் 65 சதவீதத்தில், படுக்கைகளில் 80 முதல் 100 சதவீதம் வரை நிரம்பியிருக்கும் என்றோ, நிரம்பாவிட்டாலும் பணம் தரப்படும் என்றோ அரசு உறுதி கொடுத்திருந்தது.

மூன்றாவது, நியாய ஸ்தலத்தின் வாசல் பிளவுபடுகிறது. அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1997இல் ரிச்சர்ட்ஸன் வழக்கில், நஷ்டஈட்டு வழக்கிலிருந்து அரசுக் காவலருக்குக் கிடைக்கும் தகுதிவழிப் பாதுகாப்பு கம்பெனிக் காவலருக்குக் கிடையாது என்று ஐவருக்கு நால்வர் என்ற விகிதத்தில் தீர்ப்பளித்தது. கைதிக்குச் சாதகமான தீர்ப்புத்தான். ஆனால் 2001இல் மலெஸ்கோ வழக்கில், மத்திய அரசின் கைதி தன் அரசியல் சாசன உரிமை மீறப்பட்டதற்காகக் கம்பெனிமீது வழக்குத் தொடுக்க இயலாது என்றும், 2012இல் மின்னெசி வழக்கில், கம்பெனியின் ஊழியர்மீதும் அவ்வாறு தொடுக்க இயலாது, மாநிலத்தின் சாதாரண நஷ்டஈட்டுச் சட்டத்தை நாடிக்கொள்ளலாம் என்றும் அதே நீதிமன்றம் கூறிவிட்டது. இதன் விளைவு விசித்திரமானது: அரசு நடத்தும் மத்தியச் சிறையில் ஒரு காவலர் செய்த அநீதிக்குத் திறக்கும் சாசன வாசல், அதே அநீதியை அடுத்த ஊர்க் கம்பெனிச் சிறையில் ஒருவர் செய்தால் மூடிக்கொள்கிறது. அந்த நாட்டின் மத்தியத் தகவல் சுதந்திரச் சட்டமும் கம்பெனியை நேரடியாகக் கட்டுப்படுத்துவதில்லை. அதைக் கம்பெனிகளுக்கு நீட்டிக்க ஷீலா ஜாக்ஸன் லீ காங்கிரஸில் திரும்பத் திரும்பக் கொண்டுவந்த மசோதா நிறைவேறவேயில்லை.

ஆனால் இந்தப் பிளவு தவிர்க்க முடியாத விதியல்ல. இங்கிலாந்தின் 1998ஆம் ஆண்டு மனித உரிமைச் சட்டம், பொதுக் காரியங்களைச் செய்யும் எவரையும், அவர் கம்பெனியாயிருந்தாலும், கட்டுப்படுத்துகிறது. தனியார் சிறை அதற்கு முதல் உதாரணமாகவே காட்டப்பட்டது. ஆஸ்திரேலியாவில் 2005இல் நீதிபதி ஃபின், பாக்ஸ்டர் என்ற அகதித் தடுப்பு முகாமில் இரண்டு இரானியர்களின் மனநோய்க்கு உரிய சிகிச்சை கிடைக்காத வழக்கில், முகாமை நடத்திய கம்பெனியும் அதன் கீழ் மனநல ஊழியம் செய்த துணைக் கம்பெனிகளும் எத்தனை இருந்தாலும், காவலில் வைத்தவன் கவனிக்கவேண்டிய கடமை மத்திய அரசின் தோளிலிருந்து இறங்குவதில்லை என்று தீர்த்துச் சொன்னார். அதே நாட்டில் கம்பெனிகள் நடத்திய முகாம்களில் ஈழத் தமிழ் அகதிகள் பலர் ஆண்டுக்கணக்கில் இருந்திருக்கிறார்கள். 2019 முதல் 2021 வரை கிறிஸ்துமஸ் தீவில் பெற்றோரும் இரண்டு சிறுமிகளுமாக ஒரு தமிழ்க் குடும்பம் அடைபட்டிருந்ததைப் பத்திரிகை வாசிக்கும் எவரும் மறந்திருக்க முடியாது. அவர்களுக்கு ஃபின் தீர்ப்பின் சித்தாந்தம் நூற்பொருள் அல்ல. இரவில் குழந்தைக்குக் காய்ச்சல் வந்தால் யாரைக் கேட்பது என்ற கேள்விக்கு விடை.

6. எதிர்த்தரப்பு ஆதாரங்கள்

கம்பெனிச் சிறை அரசுச் சிறையைவிட எப்போதும் மோசமானது என்று நிரூபிப்பது இக்கட்டுரையின் எண்ணமல்ல. ஆதாரம் அதற்கு இடங்கொடுக்கவும் இல்லை. இங்கிலாந்தின் தேசியத் தணிக்கை அலுவலகம் 2003இல் கம்பெனிச் சிறைகளை ஆராய்ந்து, அவற்றில் சிறந்தவை பெரும்பாலான அரசுச் சிறைகளை விஞ்சுகின்றன, ஆனால் மோசமானவை நாட்டிலேயே கடைசி வரிசையில் நிற்கின்றன என்ற முடிவுக்கு வந்தது. அவசர அறிவிப்பு என்ற முறை 2017இல் அறிமுகமான பின், மறு ஆண்டு அந்த அறிவிப்பைப் பெற்ற நாட்டிங்ஹாம், எக்ஸெட்டர், பர்மிங்ஹாம், பெட்ஃபோர்ட் ஆகிய நான்கில் மூன்று அரசே நடத்தியவை.

அமெரிக்க நீதித்துறையின் இன்ஸ்பெக்டர் ஜெனரல் 2016 ஆகஸ்டில் வெளியிட்ட அறிக்கை, 14 ஒப்பந்தச் சிறைகளை 14 அரசுச் சிறைகளோடு ஒப்பிட்டு, பாதுகாப்புச் சம்பவங்களில் பெரும்பாலான வகைகளில் ஒப்பந்தச் சிறைகளே பின்தங்கியிருப்பதாகக் கண்டது. போதைப்பொருள் பரிசோதனை போன்ற ஓரிரு வகைகளில் அரசுச் சிறைகளே பின்தங்கின. ஒப்பந்தச் சிறைகளில் இருந்தவர்கள் பெரும்பாலும் அந்நிய நாட்டுப் பிரஜைகள் என்பதால் ஒப்பீடு முழுதும் சமமானதல்ல என்ற ஆட்சேபணையும் நியாயமானதே. அந்த அறிக்கையின் மேல் ஒபாமா அரசின் துணை அட்டார்னி ஜெனரல் ஸாலி யேட்ஸ் ஒப்பந்தங்களைக் குறைக்க உத்தரவிட்டார். 2017 பிப்ரவரியில் அடுத்த அரசு அதை ரத்துச் செய்தது. 2021 ஜனவரியில் பைடன் மீண்டும் உத்தரவிட்டார். 2025 ஜனவரியில் அதுவும் ரத்தாயிற்று. ஆதாரம் மாறாமல் இருக்கக் கொள்கை மட்டும் நான்கு முறை புரண்டதிலிருந்து, அந்த விவாதத்தில் ஆதாரத்துக்கு எவ்வளவு இடம் உண்டு என்பதை வாசகர் ஊகித்துக்கொள்ளலாம்.

சிறைகள் எல்லாம் அரசுடையனவாக உள்ள இந்தியாவை எடுத்துக்கொண்டாலும் இதே பாடந்தான். பீகாரில் 1968இல் விடுதலைத் தீர்ப்புப் பெற்றும் 1982 வரை அடைபட்டிருந்த ருதுல் ஷாவுக்கு உச்ச நீதிமன்றம் 1983இல் நஷ்டஈடு அளித்தது. ஒடிஸாவில் காவலில் இறந்த மகனுக்காகத் தாய் நீலாபதி பெஹரா தொடுத்த வழக்கில் 1993இல், இறையாண்மை என்ற கேடயம் அடிப்படை உரிமை மீறலுக்கு எதிரே நிற்காது என்று தெளிவாகச் சொன்னது. வழக்கு மன்றத்தின் வாசல் இங்கே விசாலமாகவே திறந்தது. ஆயினும் சிறைக்கு வெளியிலிருந்து வரும் பார்வையாளர்களை நியமியுங்கள் என்று 2015இல் அதே நீதிமன்றம் மாநிலங்களுக்குக் கட்டளையிட வேண்டியிருந்தது. தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் 2022ஆம் ஆண்டுக் கணக்கில், சிறைகள் கொள்ளளவில் 131.4 சதவீதம் நிரம்பியிருந்தன. உள்ளே இருந்தவர்களில் 75.8 சதவீதத்தினர் தண்டனை பெறாத விசாரணைக் கைதிகள்.

7. முடிபு

பொறுப்பு உடைமையைப் பின்பற்றிச் செல்கிறது என்ற அனுமானம் வின்ஸன் கிரீனின் வரலாற்றால் மெய்ப்படவில்லை. மாஜிஸ்திரேட்டுகள் காலத்தில் உடைமையும் கண்காணிப்பும் ஒருவரிடமே இருந்ததால் உண்மை புதைந்தது. உள்துறையின் காலத்தில் குற்றம் சாட்டவேண்டியவரும் குற்றம் சாட்டப்பட்டவரும் ஒரே நிர்வாகத்தினராயிருந்ததால் நீதி தவறியது. கம்பெனி காலத்தில் இருவர் இருந்தும், ஒவ்வொருவரும் மற்றவரைச் சுட்ட வசதியிருந்ததால் சீர்கேடு இரண்டாண்டு நீடித்தது. முதல் காலத்திலும் கடைசிக் காலத்திலும் உண்மையை வெளிக்கொணர்ந்தது ஒன்றே: ஜெயிலை நடத்துபவரிடம் சம்பளமோ நியமனமோ பெறாத, கண்டதைப் பகிரங்கமாக எழுதும் கடமையுள்ள ஒரு கண். 1854இல் அது கமிஷன். 2018இல் அது தலைமைப் பரிசோதகர்.

ஆயினும் இரு முறைகளும் சமம் என்று இதிலிருந்து கொள்வது தவறாகும். அரசு ஜெயிலில் பதில் சொல்லவேண்டியவர் யார் என்பது தெரிந்திருக்கிறது. அவர் சொல்லாமல் தப்புவதே அங்குள்ள குறை. கம்பெனி ஜெயிலில் அவர் யார் என்பதே சர்ச்சைக்குரிய விஷயமாகி, சட்டங்களும் ஷரத்துகளும் வர்த்தக ரகசியமும் சேர்ந்து அந்தச் சர்ச்சையை நீட்டிக்கின்றன. முதற் குறையை நல்ல பரிசோதகரும் துணிந்த நீதிபதியும் திருத்த முடியும். இரண்டாவதை, ஒப்பந்தம் கையெழுத்தாகும் முன்பே சட்டசபை திருத்தவேண்டும்.

அதற்குச் சட்டத்தில் ஐந்து விதிகள் போதும். கம்பெனியின் தகவல்களும் அரசின் தகவல்களைப் போலவே பிரஜைகளுக்குத் திறந்திருக்கவேண்டும். கைதி எந்தச் சுவருக்குள் இருந்தாலும் ஒரே வழக்குரிமை பெறவேண்டும். கடமை அரசின் தோளிலிருந்து இறங்காது என்பது நீதிபதியின் கருணையாக இராமல் சட்டத்தின் வாசகமாக இருக்கவேண்டும். கண்காணிப்பு அதிகாரி பரிசோதகருக்கும் சட்டசபைக்கும் நேரே அறிக்கை தரவேண்டும், ஒப்பந்தம் செய்த இலாகாவுக்கு மட்டும் அல்ல. இறுதியாக, சிறையை மறுநாளே திரும்ப எடுத்துக்கொள்ளும் ஆள்பலமும் இடவசதியும் அரசிடம் எப்போதும் இருக்கவேண்டும்; அது இல்லாத அரசு ஒப்பந்தத்தின் ஒரு கட்சிக்காரனே தவிர எஜமானன் அல்ல. இந்த ஐந்தையும் ஏற்றபின் கம்பெனிக்கு லாபம் மிஞ்சுமா என்பது கம்பெனியின் கவலை. மிஞ்சாது என்றால், அதுவரை லாபம் எங்கிருந்து வந்தது என்பதற்கு அதுவே விடையாகும்.